லினக்ஸும் வலையமைப்புப் பிரிண்டரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகையில் திருகோணமலை மழை இடியோடுதான் இறங்கும். மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் போதும், காலையில் ஒழுங்காக அச்சடித்த பிரிண்டர் பிற்பகலில் லினக்ஸ் கணினிக்கு அகப்படாது. உடனே பலரும் செய்வது, பட்டியலிலிருந்து அதை அழித்துவிட்டு மறுபடி சேர்ப்பது. இதுதான் முதல் தவறு. சேர்த்ததும் அச்சு வந்துவிடலாம். ஆனால் எதனால் நின்றது என்பது தெரியாமலே போய்விடும். அழிக்காமல் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களின் நிலை இன்னும் மோசம். ஒரே பிரிண்டர் நான்கு பெயர்களில் பட்டியலில் நிற்கும், நீங்கள் அனுப்பும் கோப்பு அவற்றுள் செத்துப்போன ஒன்றிடம் போய்ச் சேரும்.

நடந்தது பெரும்பாலும் இதுதான். மின்சாரம் திரும்பியதும் ரவுட்டரும் பிரிண்டரும் புதிதாகத் தொடங்குகின்றன. ரவுட்டர் பிரிண்டருக்கு வேறொரு ஐபி முகவரியைக் கொடுத்துவிடுகிறது. கணினியோ, வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறது. எனவே முதலில் பிரிண்டரின் திரையிலோ, அது அச்சிட்டுத் தரும் வலையமைப்பு அறிக்கையிலோ இப்போதைய முகவரியைப் பாருங்கள். பிறகு உலாவியில் localhost:631 என்று தட்டி உங்கள் கணினியின் 631ஆம் போர்ட்டைத் திறந்தால், லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் மென்பொருளான கப்ஸ் தன்னிடம் பதிந்துவைத்திருக்கும் முகவரி தெரியும். இரண்டும் ஒன்றா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இந்த இடத்தில், ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று கேட்டுப்பார்க்கும் 'பிங்' கட்டளை பலரை ஏமாற்றிவிடுகிறது. 192.168.1.7 பதில் சொல்கிறது, ஆகவே பிரிண்டர் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பதில் சொல்வது பிரிண்டராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அந்த முகவரி யாருடைய கைபேசிக்காவது போயிருக்கலாம். பிரிண்டரிலேயே நிலையான முகவரியைத் தட்டி விடுவதும் அரைகுறைத் தீர்வுதான். ரவுட்டர் மற்றவர்களுக்கு வழங்கும் எண்களுக்குள் அது விழுந்தால், ஊழியர்கள் வந்து வைஃபையில் இணையும் வரைக்கும் வேலை செய்யும், அதன்பின் நின்றுவிடும். ரவுட்டரின் அமைப்புகளுக்குள் போய், பிரிண்டரின் மேக் முகவரிக்கென (கருவியோடு பிறந்த, மாறாத அடையாள எண்) ஓர் ஐபியை ஒதுக்கி வைப்பதே ஒழுங்கான வழி.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளில் வேறொரு சிக்கல் வரும். விருந்தினருக்கு ஒரு வைஃபை, அலுவலகத்துக்கு ஒரு வைஃபை. மடிக்கணினி விருந்தினர் வைஃபையில் இருந்தால் பிரிண்டர் அருகிலேயே இருந்தும் தென்படாது. அந்த வலையமைப்பு கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாமல் தடுப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. லினக்ஸின் மேல் பழி போடுமுன் எந்த வைஃபையில் இருக்கிறோம் என்று பாருங்கள்.

இடி விழுந்தபின் கேபிளில் இணைத்த பிரிண்டர் காணாமல் போனால், கேபிள் செருகும் இடத்துச் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வேறு கேபிளிலும் எரியாவிட்டால் எந்தக் கட்டளையும் உதவாது, திருத்துபவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது பொறுமையின்மை. அச்சு வராவிட்டால் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துகிறோம். தொடர்பு ஒருமுறை அறுந்ததும் கப்ஸ் அந்தப் பிரிண்டரின் வரிசையையே நிறுத்திவைக்கக்கூடும். பிரிண்டர் திரும்பி வந்தாலும் வரிசை தானாக ஓடாது. யாராவது அதை மீண்டும் இயக்கும் நேரத்தில் அழுத்திய அத்தனையும் வெளியே வரும். தனியார் கல்வி நிலையத்து மாதிரி வினாத்தாள் பத்துப் பிரதியாக வந்து குவிவது இப்படித்தான். காகிதம் இல்லாமல் 2022இல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்த நாடு இது. இந்த விரயம் நமக்குக் கட்டாது. முதலில் காத்திருக்கும் வேலைகளை நீக்குங்கள், பிறகு வரிசையை இயக்குங்கள். பிரிண்டரின் அமைப்புகளில் பிழைக் கொள்கை என்றொன்று உண்டு. அதை 'நிறுத்து' என்பதிலிருந்து 'மறுபடி முயல்' என்பதற்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

எல்லாம் சரியாக இருந்தும் பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கிறதா? காகித அளவைப் பாருங்கள். லினக்ஸை நிறுவும்போது யோசிக்காமல் அமெரிக்க ஆங்கிலத்தைத் தெரிவு செய்துவிடுகிறோம். அதனோடு 216க்கு 279 மில்லிமீற்றர் கொண்ட லெட்டர் அளவும் இயல்பு அளவாக வந்துவிடும். தட்டில் இருப்பதோ 210க்கு 297 கொண்ட ஏ4. இல்லாத தாளைக் கேட்டுப் பிரிண்டர் நிற்கிறது, நாம் டிரைவரைத் தேடுகிறோம். என்னைக் கேட்டால், வீணாகும் நேரத்தில் பெரும் பங்கு இந்த ஒரு சிறு அமைப்புக்குத்தான் போகிறது.

டிரைவரைப் பற்றியும் ஒரு சொல். கிடைத்த தளத்திலிருந்தெல்லாம் அதை இறக்கி நிறுவாதீர்கள். 2010இல் ஆப்பிளின் டிரைவர் தேவையில்லாத அச்சு முறையான ஏர்பிரிண்ட் வந்த பிறகு வெளியான வலையமைப்புப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும். அதே வைஃபையில் ஐபோனிலிருந்து நேரடியாக அச்சிட முடிந்தால் லினக்ஸிலும் அநேகமாக முடியும்; ஆப்பிள் மாக் கணினிகளும் 2002 முதல் இதே கப்ஸைத்தான் பயன்படுத்துகின்றன. பழைய எச்பி லேசர் சிலவற்றுக்கு மட்டும் எச்பி லினக்ஸுக்கெனத் தரும் எச்பிலிப் மென்பொருளும் அதற்குரிய செருகுநிரலும் வேண்டும். எச்பிலிப்பின் பதிப்பு மாறினால் செருகுநிரலையும் புதிதாக நிறுவ வேண்டும். மறந்தால் அச்சு நின்றுவிடும்.

தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக அச்சானால், பிரிண்டரைத் தொடவே வேண்டாம். அந்த ஆவணம் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டப்பட்டது, உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவை நிறுவுங்கள், அல்லது அனுப்பியவரிடம் பிடிஎஃப் கேளுங்கள்.

எதுவும் சரிவராதபோது கணினியின் தீச்சுவரை (ஃபயர்வால்) அணைத்துப் பார்ப்பது குற்றமில்லை, அணைத்தபடியே விட்டுவிடுவதுதான் தவறு. 631ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்கவே வேண்டாம். 2024 செப்டெம்பரில் கப்ஸ் பிரௌஸ்ட் என்ற துணைச் சேவையில் வெளிப்பட்ட ஓட்டை, அந்த வழியாகத்தான் வெளியாரை உள்ளே விட்டது.

உதவி கேட்கும்போது "பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கப்ஸின் பிழைப்பதிவில் விரிவான பதிவை இயக்கி, ஒரேயொரு பக்கத்தை அச்சிட முயன்று, பதிவின் கடைசி வரிகளை எடுத்துக் காட்டுங்கள். முடிந்ததும் விரிவான பதிவை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோப்பு வீங்கிக்கொண்டே போகும்.