விறகு, பெல்லட் அடுப்புகளால் வீட்டைச் சூடாக்கும் செலவைக் குறைப்பது எப்படி? புதியவர்களுக்குப் படிப்படியாக

குளிர்காலம் முடிந்து ரசீதுகளைக் கூட்டிப் பார்க்கும்போதுதான் வீட்டைச் சூடாக்க எவ்வளவு போயிருக்கிறது என்பது உறைக்கும். அந்தச் சூட்டோடு சூடாகப் பலரும் ஓடிப்போய் ஒரு விறகடுப்பு வாங்கிவிடுகிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் செலவும் குறைந்திருக்காது, வீடு முழுக்கப் புகை வாடை வேறு. பழியெல்லாம் அடுப்பின் மேல் விழும். பெரும்பாலும் தவறு நடந்திருப்பது இரண்டு இடங்களில்: வாங்கும் முன் கணக்குப் போடவில்லை, எரித்த விறகு காயவில்லை. அதனால் இந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவை தேவையான அளவுக்கு.

மின்சாரம், குழாய் எரிவாயு, ஹீட்டிங் ஆயில் (வீட்டைச் சூடாக்க எரிக்கும் டீசல் போன்ற எண்ணெய்) இவற்றை மட்டும் நம்பாமல் விறகு, மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் போன்றவற்றை எரித்துச் சூடு தரும் அடுப்புகளைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

படி 1: ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்

கதவின் அடி இடுக்கு, ஜன்னல் சட்டம், மேல்தளத்துக் கூரை இந்த மூன்று வழியாகவும் சூடு தப்பித்துக்கொண்டே இருக்கும். காற்றடிக்கும் நாளில் புகையும் ஊதுபத்தியைக் கதவு ஜன்னல் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே இடுக்கு இருக்கிறது. இதை முதலில் முடித்துவிட்டால் சின்ன அடுப்பே போதுமானதாக இருக்கும். பிறகு செய்தால், தேவைக்கு மீறிய அடுப்பை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பீர்கள்.

படி 2: 1,000 யூனிட் கணக்கு

எரிபொருள்களை எடைக்கு எடை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. வீட்டுக்குள் வந்து சேரும் சூட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே கேள்வி. மின் ரசீதில் வரும் 1 யூனிட், அதாவது 1 கிலோவாட் மணி, இதற்கு நல்ல அளவுகோல். 1,000 யூனிட் சூடு வீட்டுக்குள் கிடைக்க எது எவ்வளவு எரிய வேண்டும் என்று பார்ப்போம். திறன் என்பது எரியும் சூட்டில் வீட்டுக்குள் வந்து சேரும் பங்கு.

- சாதாரண மின்சார ஹீட்டர்: 1,000 யூனிட் மின்சாரம்
- வெளியிலிருந்து சூட்டை உள்ளே இழுத்துவரும் மின்சாதனமான ஹீட் பம்ப் (ஒரு யூனிட் வாங்கி மூன்று யூனிட் சூடு தரும் நிலையில்): சுமார் 333 யூனிட் மின்சாரம்
- குழாய் எரிவாயு, 90 சதவீதத் திறனுள்ள பாய்லர்: சுமார் 110 கன மீட்டர்
- ஹீட்டிங் ஆயில், 85 சதவீதத் திறன்: சுமார் 118 லிட்டர்
- பெல்லட், 85 சதவீதத் திறன்: சுமார் 245 கிலோ
- நன்றாகக் காய்ந்த விறகு, 75 சதவீதத் திறன்: சுமார் 333 கிலோ

ஒவ்வொரு எண்ணையும் உங்களுக்குக் கிடைக்கும் விலையால் பெருக்குங்கள். இப்போது எரிப்பதற்கும் மாற நினைப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே வரியில் தெரிந்துவிடும். உங்கள் வீடு வருடத்துக்கு எத்தனை ஆயிரம் யூனிட் சூடு எடுக்கிறதோ அதால் அந்த வித்தியாசத்தைப் பெருக்கி, விறகைக் கொண்டுவந்து இறக்கும் கூலியையும் வருடாந்தரப் புகைபோக்கிச் சுத்தச் செலவையும் கழித்தால், வருடம் மிச்சமாகும் தொகை கிடைக்கும். அடுப்பின் விலை, அதைப் பொருத்தும் செலவு இரண்டையும் கூட்டி அந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். போட்ட பணம் திரும்பிவர எத்தனை குளிர்காலம் ஆகும் என்பது அந்த விடை.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்லியாக வேண்டும். மலிவான குழாய் எரிவாயு ஏற்கெனவே வரும் வீட்டிலோ, நல்ல ஹீட் பம்ப் ஓடும் வீட்டிலோ, விலை கொடுத்து வாங்கும் விறகால் பெரிதாக மிச்சம் வருவது அரிது. மின்சார ஹீட்டரையோ ஆயிலையோ நம்பியிருக்கும் வீடு, அல்லது சொந்த மரத்திலிருந்து விறகு கிடைக்கும் வீடு என்றால் கணக்கே வேறு. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்வதும் லாபம்தான்.

படி 3: எந்த அடுப்பு?

சுவரில் பதித்த திறந்த கணப்பு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது தரும் சூட்டில் 10 முதல் 20 சதவீதம்தான் அறையில் தங்கும். மீதி புகைபோக்கி வழியே போய்விடும், போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். செலவு குறைக்க நினைப்பவர்களுக்கு அது உதவாது.

மூடிய கதவுள்ள விறகடுப்பு 70 முதல் 80 சதவீதம் வரை சூட்டை வீட்டுக்குள் நிறுத்தும். மின்சாரம் போனாலும் எரியும். அதற்குப் பதிலாக உங்கள் உழைப்பைக் கேட்கும்: அடுக்க வேண்டும், சுமக்க வேண்டும், பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும்.

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு உருளைகள். பெட்டியில் கொட்டிவிட்டால், உள்ளேயிருக்கும் திருகு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். வெப்பநிலையை வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு என் பரிந்துரை இதுதான். ஆனால் திருகும் விசிறியும் மின்சாரத்தில் ஓடுபவை. அடிக்கடி மின்வெட்டு ஆகும் இடமென்றால் பேட்டரி ஏற்பாடு இல்லாமல் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. 1 லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேர்கிறது. சுவரில் பூஞ்சை பிடிக்கும். கழிவு வாயுவும் நீங்கள் மூச்சு விடும் காற்றிலேயே கலக்கும். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து குளிர் காய்வது அதைவிட ஆபத்து. உயிரைப் பறிக்கும் பழக்கம் அது, ஒரு இரவுக்குக்கூட வேண்டாம்.

வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால், வாங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எவ்வளவு நல்ல விறகடுப்பும் நுண்துகள் கலந்த புகையைக் கொஞ்சமாவது வெளிவிடும். பழைய அடுப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பதற்கு முன் இதையும் யோசியுங்கள்: அமெரிக்காவில் 2020இலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022இலும் புதிய அடுப்புகளுக்குப் புகை வரம்பு கடுமையாக்கப்பட்டது. அந்த வரம்புக்குள் வரும் அடுப்பு குறைவாகப் புகையும், அதே சூட்டுக்குக் குறைவாக விறகு கேட்கும்.

படி 4: அளவு

பெரிய அடுப்பாக வாங்கிக் காற்றைக் குறைத்து எரிக்கலாம் என்று நினைப்பது எல்லோரும் செய்யும் தவறு. காற்று குறைந்தால் விறகு எரியாது, கனன்று புகையும். ஓரளவு காப்பிடப்பட்ட அறைக்கு ஒரு எளிய வழி: நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுங்கள். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறைக்கு 60 கன மீட்டர். அதை 14ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.3 கிலோவாட். கடைக்காரர் 8 கிலோவாட் அடுப்பைக் காட்டினால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைசி முடிவைப் பொருத்துபவர் நேரில் வந்து அறையைப் பார்த்துச் சொல்லட்டும்.

படி 5: பொருத்துதல்

இதை நீங்களே செய்யாதீர்கள். புகைபோக்கியின் உயரம், உட்குழாய், சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளி எல்லாம் தீ விபத்தோடு சம்பந்தப்பட்டவை. உரிமம் உள்ளவரை வைத்துப் பொருத்தி, உள்ளாட்சி அனுமதியை வாங்கி, வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காமல் விட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அடுப்பு உள்ள அறையில் ஒன்று, படுக்கையறைகளுக்கு அருகில் ஒன்று. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் காரணத்தைத் தேடிக்கொண்டு நிற்காமல் முதலில் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

படி 6: விறகைக் காயவைப்பது

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீராக இருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு கிலோவிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 2.2 யூனிட் சூடு. ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கிய விறகு என்றால் ஒரு கிலோ ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஈர விறகில் நெருப்பின் பலம் தண்ணீரைக் கொதிக்கவைப்பதிலேயே போய்விடுகிறது. எரியாத புகை குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் கீல் போலப் படிகிறது. கிரியோசோட் என்பது அதுதான். அது தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம்.

முதல் வருடம் எனக்கு இது தெரியாது. “காய்ந்தது” என்று சொல்லித்தான் அந்த விறகு என்னிடம் விற்கப்பட்டது. நானும் அளந்து பார்க்கவில்லை. வெட்டுமுனையில் நுரை தள்ளி, சீறிச் சீறி எரிந்தது. இரண்டே நாளில் அடுப்புக் கண்ணாடி கறுத்துப்போனது. புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் பளபளவென்று கறுப்பாக ஒரு சில்லைச் சுரண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அன்றைக்கே விறகின் ஈரத்தை அளக்கும் ஈரமானி ஒன்று வாங்கினேன்.

காயவைக்கும் முறை:

1. முழுக்கட்டையாக வைக்காமல் பிளந்து வையுங்கள். பட்டை தண்ணீரை எளிதில் வெளியே விடாது. பிளந்தால் ஈரம் சீக்கிரம் போகும்.
2. மண்ணில் படாமல், பலகையோ சட்டமோ போட்டு அதன்மேல் அடுக்குங்கள்.
3. மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்கள் திறந்திருக்கட்டும். தார்ப்பாயால் முழுக்கச் சுற்றினால் ஈரம் உள்ளேயே புழுங்கும்.
4. மென்மரத்துக்கு ஆறு மாதமாவது வேண்டும். ஓக் போன்ற வன்மரத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு வருடம்.
5. எரிக்கும் முன் ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். 20க்குக் கீழே இருந்தால் அடுப்புக்குப் போகலாம்.

ஈரமானி இல்லாதவர்கள் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கலாம். காய்ந்த விறகு கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ‘தொப்’ என்னும்.

பெயின்ட் அடித்த பலகை, ரசாயனம் ஏற்றிய மரம், ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக், கடலோரம் ஒதுங்கிய உப்பேறிய கட்டை எதையும் அடுப்பில் போடாதீர்கள். நச்சுப்புகை வரும், அடுப்பும் அரிக்கும்.

பெல்லட்டுக்கு இந்தப் பாடு இல்லை. தரமான பெல்லட்டின் ஈரம் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கும். மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்தி, ஈரம் எட்டாத இடத்தில் வைத்தால் போதும். நனைந்தால் உப்பி மறுபடி மரத்தூளாகிவிடும். மொத்தமாகக் கொட்டி வைக்கும் மூடிய அறை என்றால் காற்றோட்டம் கட்டாயம். பெல்லட் குவியலிலிருந்தே கார்பன் மோனாக்சைடு வெளியாகும்.

படி 7: தீ மூட்டுதல்

அடியில் சுள்ளி, மேலே கட்டை என்று அடுக்கித்தான் நம்மில் பலருக்குப் பழக்கம். மூடிய அடுப்பில் தலைகீழாகச் செய்யுங்கள். அடியில் இரண்டு மூன்று தடித்த துண்டுகள், நடுவே விரலிடுக்கு விட்டு. அதன்மேல் மெல்லிய துண்டுகள், அதற்கும் மேல் சுள்ளி, உச்சியில் தீமூட்டி. காற்றுத் திறப்புகளை முழுக்கத் திறந்து உச்சியில் பற்றவையுங்கள். நெருப்பு மெல்ல இறங்கும்போது மேலெழும் புகை அதே தழலில் எரிந்துவிடுகிறது. புகைபோக்கியும் சீக்கிரம் சூடேறும்.

கட்டைகள் நன்றாகப் பற்றியதும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். தழல் அடங்கிக் கங்கு மட்டும் மிஞ்சும்போது ஒன்றிரண்டு துண்டு போட்டு, சில நிமிடம் காற்றைத் திறந்துவிடுங்கள். விடிய விடியத் தாங்கட்டும் என்று அடுப்பை நிறைத்துக் காற்றை அடைக்கும் பழக்கம்தான் கிரியோசோட்டின் தாய்.

பற்றவைத்து 20 நிமிடம் கழித்து வெளியே போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பாருங்கள். புகை கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தால் எல்லாம் சரி. கெட்டியாகச் சாம்பல் நிறத்தில் வந்தால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை. புகை அறைக்குள் திரும்பினால், காற்றை வெளியேற்றும் சமையலறை விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். அது இழுக்கும் காற்றை ஈடுகட்ட, புகைபோக்கி வழியாகக் காற்று கீழே இறங்கும். விசிறியை அணைத்து ஜன்னலைச் சற்றுத் திறந்தால் சரியாகிவிடும். அப்படியும் நிற்காவிட்டால் அடுப்பை மறுபடி மூட்டாமல் பொருத்தியவரை அழையுங்கள்.

படி 8: சாம்பலும் பராமரிப்பும்

சாம்பலுக்குள் கங்கு பல நாள் உயிரோடு இருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தரை அல்லாத இடத்தில் வையுங்கள். காகிதப் பையும் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியும் கூடவே கூடாது. விறகடுப்பில் அடியில் ஒரு விரல் தடிமனுக்குச் சாம்பலை விட்டுவைத்தால் அடுத்த தீ சுலபமாகப் பிடிக்கும். பெல்லட் அடுப்பில் எரியும் கிண்ணத்தில் கெட்டிப்பட்ட சாம்பலை அடிக்கடி சுரண்டிவிடுங்கள்.

கதவைச் சுற்றியுள்ள கயிற்றுப் பட்டை தேய்ந்தால் மாற்றுங்கள். இடுக்கு விழுந்தால் காற்று உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. புகைபோக்கியை வருடத்துக்கு ஒருமுறையாவது ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். குளிர்காலம் முடிந்த கையோடு இதைச் செய்வது நல்லது, அப்போது ஆளும் எளிதில் கிடைப்பார். அந்த வாரத்திலேயே அடுத்த குளிர்காலத்துக்கான மென்மர விறகையும், அதற்கும் அடுத்த குளிர்காலத்துக்கான வன்மர விறகையும் வாங்கிப் பிளந்து அடுக்கிவிடுங்கள். கோடை முழுவதும் வெயிலும் காற்றும் அதைச் செலவில்லாமல் காயவைத்துக் கொடுக்கும்.