லுவோ மொழியில் எது அதட்டல், எது மிரட்டல்: கிசுமு பக்கம் வருவோருக்கு

கென்யாவின் கிசுமு, சியாயா, ஹோமா பே பகுதிகளுக்கு வேலைக்கு வரும் தமிழர்கள், அலுவலகத்தை ஆங்கிலத்தாலும் சந்தையைச் சுவாஹிலியாலும் சமாளித்துவிடலாம். ஆனால் கோபம் வந்தால் பலர் தாய்மொழியான லுவோவுக்கே தாவிவிடுவார்கள் என்பதால், அதன் கடுஞ்சொற்களைப் பேசாவிட்டாலும் காதில் விழும்போது இனங்காணத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், வசை அல்லாததை வசையென்று எண்ணிவிட வேண்டாம். லுவோவில் 'இன்' என்பது ஒருவரையும் 'உன்' என்பது பலரையும் குறிக்குமே தவிர, நம்மிடம் உள்ள நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு அங்கே இல்லை. எனவே உங்களைவிட இளையவர் 'பி கா' (இங்கே வா) என்றால் அது அவமதிப்பு ஆகாது. மரியாதை விளிச்சொல்லில் இருக்கிறது: பெரியவரை 'ஜாதுவோங்' என்றும், தாய்மாரைப் பிள்ளையின் பெயரோடு 'மின்' சேர்த்தும் அழைப்பார்கள். தெருவில் கேட்கும் 'முஹிந்தி' என்பது இந்தியரைக் குறிக்கும் சுவாஹிலிச் சொல். சொல்லும் தொனியே அதை ஏளனமாக்கும். 'லிங்' (வாயை மூடு) குழந்தைகளிடம் சாதாரணம், பெரியவர்களிடம் சொன்னால் சண்டை.

வினைச்சொற்களில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 'கோயோ' என்றால் அடித்தல். தொலைபேசியில் அழைப்பதற்கும் அதே வினைதான். 'அபிரோ கோயோனி சிமோ' என்பவர் உங்களுக்குப் போன் செய்வதாகச் சொல்கிறார். 'அபிரோ கோயி' என்பவர் உங்களை அடிப்பதாகச் சொல்கிறார். 'நெகோ' என்பது கொல்லுதல்; 'அபிரோ நெகி' என்று கேட்டால் பொருள் பற்றிய ஐயமே வேண்டாம். மாறாக, 'இபிரோ நேனோ' (நீ பார்ப்பாய்) என்பது மேலுக்குச் சாதுவான வாக்கியம். ஆனால் சச்சரவின் நடுவே குரலைத் தாழ்த்திச் சொன்னால், நம்மூரில் 'பார்த்துக்கொள்கிறேன்' என்பதைப் போல அதுவும் எச்சரிக்கையே.

வேடிக்கைக்குக்கூட வாயில் வரக் கூடாத சொல் ஒன்று உண்டு: 'ஜாஜுவோக்', அதாவது சூனியக்காரன், இரவில் ஊரைச் சுற்றித் தொல்லை தருபவன். நண்பர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளக்கூடும். அந்த உரிமை புதிதாக வந்தவருக்குக் கிடையாது. ஒருவரைச் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டுவதையே 1925ஆம் ஆண்டின் கென்ய மாந்திரீகச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியது.

வாக்குவாதம் முற்றினால், அரைகுறை லுவோவில் திருப்பித் திட்டுவதைவிட 'மோஸ்' (பொறுங்கள், வருந்துகிறேன்) என்று சொல்லி விலகி, அங்கே மதிப்புள்ள பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துப் பேசுவதே பலன் தரும். கொலை மிரட்டல் என்றால் மட்டும் சமரசத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கென்யத் தண்டனைச் சட்டத்தின் 223ஆம் பிரிவு அதற்குப் பத்தாண்டுச் சிறை வரை விதிக்கிறது. சொன்ன வார்த்தைகளை மொழிபெயர்க்காமல் கேட்டபடியே தமிழ் எழுத்தில் உடனே குறித்துக்கொண்டு, உடனிருந்த லுவோக்காரர் ஒருவரைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சென்று, நிகழ்வுப் பதிவேட்டில் எழுதச் செய்து, பதிவின் எண்ணைத் தவறாமல் வாங்கி வாருங்கள்.