பகானினியின் 24ஆம் கப்ரீஸ் செல்லோவில்: கட்டைவிரலை எங்கே வைப்பது

வயலின் உருப்படியைச் செல்லோவுக்கு (வயலின் குடும்பத்தில் பெரிய, தாழ்ந்த ஒலி கொண்ட கருவி) கொண்டுவரும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது சுருதியை. இத்தாலிய வயலின் கலைஞர் பகானினி தனி வயலினுக்கு எழுதி, 1820இல் மிலானில் ரிகோர்டி பதிப்பகம் அச்சிட்ட 24 கப்ரீஸ்களில் (சிறு உருப்படிகளில்) கடைசியானது ஏ மைனரில் இருக்கிறது: ஒரு தீம் (மூல மெட்டு), அதை மாற்றி மாற்றி வாசிக்கும் 11 வேரியேஷன், பிறகு ஃபினாலே என்னும் முடிவுப் பகுதி. இதை அதே ஏ மைனரில் ஒரு ஸ்தாயி இறக்கி வாசிப்பதே நல்லது. வயலினின் ஜி, டி, ஏ தந்திகள் செல்லோவிலும் அதே பெயரில் ஒரு ஸ்தாயி கீழே இருக்கின்றன. இல்லாதது இ தந்தி மட்டும்தான்; செல்லோவின் நான்காவது தந்தி சி. டி மைனருக்கு மாற்றினால் வெறும் தந்திகள் நான்கும் அழகாகப் பொருந்தும். ஆனால் எல்லாமே கழுத்துப் பகுதிக்கு இறங்கிவிடுவதால் இரண்டு தந்திகளில் ஒரே நேரத்தில் வாசிக்கும் இரட்டைச் சுரங்களுக்குக் கை எட்டாது.

இல்லாத இ தந்தியைக் கட்டைவிரலால் உண்டாக்க வேண்டும். டி, ஏ தந்திகள் இரண்டின் மேலும் குறுக்காக, வெறும் தந்தியிலிருந்து ச–ப தூரத்தில் கட்டைவிரலை வையுங்கள். டி தந்தியில் ஏ கிடைக்கும், ஏ தந்தியில் இ கிடைக்கும். அதே கோட்டில் சி தந்தியில் ஜி, ஜி தந்தியில் டி. அதாவது ஒரு ஸ்தாயி தாழ்ந்த முழு வயலின் இப்போது கையில் இருக்கிறது. இடம் சரியா என்று பார்க்க, டி தந்தியில் கட்டைவிரல் தரும் ஏவையும் வெறும் ஏ தந்தியையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்க வேண்டும்.

இந்த நிலையில் வயலினின் 1, 2, 3 விரல்கள் செல்லோவிலும் 1, 2, 3தான். வயலினில் சுண்டுவிரல் வரும் இடத்தில், மேல் தந்தியின் கட்டைவிரல் சுரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். தந்தியை நகத்தின் பக்கவாட்டுச் சதையால் அழுத்துங்கள், விரல் மூட்டின் நடுவால் அல்ல. முழங்கை தாழ்ந்தால் கட்டைவிரல் சரிந்து, கீழ்த் தந்தியின் சுரம் முதலில் மங்கும். எடை தோளிலிருந்து வர வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் ஒரு நேரத்தில் 10 நிமிடத்தோடு நிறுத்துவது நல்லது. தோல் தடிக்கச் சில வாரங்கள் ஆகும். மூட்டில் வலி வந்தால் அன்றைக்குப் போதும்.

அடுத்தது தூரக் கணக்கு. செல்லோவில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 690 மி.மீ., வயலினில் சுமார் 328. அடுத்தடுத்த இரண்டு தந்திகளில் ஸ்தாயி ஜோடி பிடிக்க, விரல்களுக்கு இடையே ச–ம தூரம் வேண்டும். அது மிச்சமிருக்கும் தந்தி நீளத்தில் கால் பங்கு. கட்டைவிரல் ச–ப இடத்தில் இருந்தால் மிச்சம் 460 மி.மீ., எனவே 115 மி.மீ. விரிப்பு. தந்தியின் பாதியில் 86, இன்னும் மேலே 230 மிச்சமிருக்கும்போது 58. மேலே போகப் போகக் கை சுருங்க வேண்டும். சுருக்காமல் அதே விரல் விரிப்பை நகர்த்துவதால்தான் ஸ்தாயியின் மேல் சுரம் சுருதியை மீறி உயர்ந்துவிடுகிறது. மூன்றாம் வேரியேஷனில் பலருக்கும் நடப்பது இதுவே. அந்த வேரியேஷனின் தாழ்ந்த ஏ ஜோடியை ஜி–டி தந்திகளில் பிடித்தால் 154 மி.மீ. விரிப்பு கேட்கும். அதையே சி–ஜி தந்திகளுக்கு மாற்றினால் 104தான். நாதம் சற்று மூடியிருந்தாலும், சுருதி நிற்கும் என்பதால் இரண்டாவதே மேல்.

ஆறாம் வேரியேஷனில் மூன்றாம் சுர ஜோடிகளுக்கு (ஒரு சுரமும் அதிலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வருவதும்) கட்டைவிரல்–2, 1–3 என்று மாற்றி மாற்றிப் போகலாம். சிக்கல் பத்தாம் சுர ஜோடிகளில், அதாவது மூன்றாம் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே தள்ளிய ஜோடிகளில். அவற்றுக்கு மிச்ச நீளத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் விரிப்பு வேண்டும். 460இல் அது 184 மி.மீ., எந்தக் கைக்கும் கொடுமை. தந்தியின் பாதியில் 138, பெரிய கைக்கு முடியும். அதற்குக் கீழே வரும் ஜோடிகளைப் பிரித்துவிடுங்கள்: கீழ்ச் சுரத்தைத் தாளத்துக்குச் சற்று முன்னால் தொட்டு, மேல் சுரத்தில் நில்லுங்கள். ஸ்தாயியைக் குறைத்து அதை மூன்றாம் சுரமாக ஆக்கிவிட வேண்டாம். முதலில் மூன்றாம் சுரம், பிறகு பத்தாம் சுரம் என்று பகானினி வைத்திருக்கும் வித்தியாசமே அந்த வேரியேஷனின் உயிர்.

நான்காம் வேரியேஷனின் அரைச்சுர ஓட்டங்களில் எதிர்ப்பிரச்சினை. ஏ தந்தியில் இரண்டு ஸ்தாயி மேலே அரைச்சுரத்தின் அகலம் 10 மி.மீ.க்கும் குறைவு. விரல் நுனிக்கே அங்கே இடம் போதாது. அடுத்த விரல் இறங்கும் கணத்திலேயே முந்தைய விரல் எழுந்து வழிவிட வேண்டும். வில்லையும் குதிரையை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டை) நோக்கி நகர்த்துங்கள். தந்தி குறுகிய பிறகும் பழைய இடத்திலேயே இழுத்தால் சுரம் விசிலடிக்கும்.

ஒன்பதாம் வேரியேஷனில் இடது கைப் பிட்சிகாட்டோ, அதாவது வில் இல்லாமல் இடது கை விரலால் தந்தியைக் கிள்ளுவது. கட்டைவிரலை இ–ஏ கோட்டில் ஊன்றி, 3, 2, 1 என்று இறங்கும் விரல்கள் தந்தியை மேலே தூக்காமல் பக்கவாட்டில் கிள்ள வேண்டும். ஓசை செத்துப்போனால் குறை பெரும்பாலும் கிள்ளும் விரலில் இல்லை, கீழே பிடித்திருக்கும் விரலில். கிள்ளும் நேரத்தில் அது இளகியிருக்கும். விரல் பலகையின் முனையில் ஏ தந்தி 5 மி.மீ., சி தந்தி 8 மி.மீ. உயரத்துக்கு மேல் இருந்தால், பயிற்சியைத் தொடங்கும் முன் குதிரையைச் செதுக்கச் சொல்லுங்கள்.

வில் விஷயம். வயலின் வில் 60 கிராம் என்றால் செல்லோ வில் ஏறக்குறைய 80. தந்தியும் தடிமன், ஒலி சற்றுத் தாமதித்தே எழும். முதல் வேரியேஷனில் துள்ளும் வில்லுக்கு மயிரைத் தட்டையாக வைத்து, வில்லின் நடுவுக்குச் சற்று மேலே, 2 செ.மீ. உயரத்திலிருந்து விடுங்கள். துள்ளல் மெதுவாக இருந்தால் நுனிப் பக்கம் நகருங்கள், உயரத்தையும் குறையுங்கள். கையால் ஒவ்வொரு துள்ளலையும் அடிக்க முயன்றால் மூன்றாவதிலேயே தடுமாறும்.

மொத்த வேகத்தைத் தீம் பகுதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆறாம் வேரியேஷன் சுத்தமாக வரும் வேகத்தை மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவியில்) குறித்து, தீம் பகுதியை அதே வேகத்தில் தொடங்குங்கள்.