முதல் தடவை பயம் காப்பாற்றியது: இரண்டாவது டிரையத்லானில் செய்யக்கூடாத தவறுகள்

2022 நவம்பரில் கோவா அயர்ன்மேன் 70.3-ஐ 7 மணி 32 நிமிடத்தில் முடித்தேன். அதற்குப் பிறகு பத்து மாதம் விடாமல் பயிற்சி, மூன்று கிலோ எடைக் குறைப்பு, கடன் சொல்லி வாங்கிய நல்ல சைக்கிள் சக்கரங்கள் என்று எல்லாம் ஏற்பாடு பண்ணிக்கொண்டு 2023 அக்டோபரில் அதே மிராமார் கடற்கரையில் போய் நின்றேன். முடித்த நேரம் 7 மணி 43 நிமிடம். முன்பைவிடப் பதினொரு நிமிடம் மெதுவாக. "இதுக்கா தினமும் நாலு மணிக்கு அலாரம் வச்சு எல்லாரையும் எழுப்புனீங்க?" என்று வீட்டில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிதான் டிரையத்லான், அதில் 70.3 என்பது மொத்த மைல் கணக்கு. 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில், எட்டரை மணி நேரத்துக்குள். முதல் தடவை போகிறவர்களுக்கு நிறைய பேர் அறிவுரை எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது தடவை, நன்றாகத் தயாராகிப் போகிறவர்கள் எப்படிச் சொதப்புகிறார்கள் என்று அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில் அனுபவம் உண்டு, அதனால் சொல்கிறேன்.

என் கணக்கை முதலில் பிரித்துப் போடுகிறேன். நீச்சல் 52 நிமிடத்திலிருந்து 49 ஆனது. சைக்கிள் 3 மணி 35 நிமிடத்திலிருந்து 3 மணி 16. உடை, ஷூ மாற்றும் இடங்களில் (டிரான்சிஷன்) ஆறு நிமிடம் மிச்சம். ஆக ஓடத் தொடங்கும்போது போன தடவையைவிட 28 நிமிடம் முன்னால் இருந்தேன். ஓட்டம் மட்டும் 2 மணி 49 நிமிடத்திலிருந்து 3 மணி 28 நிமிடமாகப் போனது. சம்பாதித்தது 28, தொலைத்தது 39. கடைசி ஒன்பது கிலோமீட்டரை ஓடவே இல்லை, கல்யாண மண்டபத்தில் வழி தெரியாத பெரியவர் மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

கால் சரியில்லையா என்றால், இல்லை. பயிற்சியில் அதே கால் 21 கி.மீ.-ஐ 2 மணி 15 நிமிடத்தில் ஓடியிருக்கிறது. தப்பு சைக்கிளில் நடந்தது.

சைக்கிளில் 'இன்னைக்குக் கால் நல்லா இருக்கு' என்று தோன்றுவது

முதல் தடவை போகும்போது 90 கி.மீ. முடித்த பிறகு 21 கி.மீ. ஓட முடியுமா என்ற பயம் மனதில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பயம்தான் மேட்டில் சின்ன கியர் போட வைக்கிறது, யார் முந்தினாலும் போகட்டும் என்று விட வைக்கிறது. இரண்டாவது தடவை அது இருக்காது. பத்து மாத உழைப்பு இருக்கிறது, நல்ல தூக்கம், கொஞ்ச நாள் ஓய்வெடுத்த கால், சுற்றி ஆரவாரம். முதல் இருபது கிலோமீட்டர் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும். அந்த உணர்வை நம்பக்கூடாது. ஓய்வெடுத்த கால் யாருக்குமே முதல் அரை மணி நேரம் அப்படித்தான் இருக்கும்.

சராசரி வேகத்தை 25 கி.மீ.-இலிருந்து 27.5-க்கு ஏற்றியிருந்தேன். வெறும் பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 1.1-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 1.33 வரும். பத்து சதவீத வேகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பு. பயிற்சியால் எனக்குக் கூடிய சக்தி அந்த அளவுக்கு இல்லை. அந்தப் பற்றாக்குறையைத்தான் ஓட்டத்துக்கு வைத்திருந்த இருப்பிலிருந்து எடுத்துச் செலவழித்திருக்கிறேன்.

இது நம்மைப் போன்ற வாரக்கடைசி ஆட்களின் வியாதி மட்டும் இல்லை. 70.3-ஐப் போல இரண்டு மடங்கு தூரமுள்ள ஹவாய் அயர்ன்மேனில் அமெரிக்க வீரர் மார்க் ஆலன் 1984-இல் சைக்கிளில் பெரிய முன்னிலை எடுத்து, ஓட்டத்தில் சரிந்து, ஐந்தாவதாக வந்தார். அந்தத் தீவுக்கு ஆறு தடவை போய் ஜெயிக்க முடியாமல் திரும்பியவர் அவர். 1989-இல், ஏழாவது தடவை, தனக்கு முன்பே பலமுறை ஜெயித்திருந்த டேவ் ஸ்காட் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கப் போனார். ஓட்டத்தின் கடைசி மேட்டில்தான் விலகி ஓடி, 58 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். எட்டு மணி நேரத்துக்கு மேல் நடந்த போட்டியில் பிரிந்தது கடைசி சில கிலோமீட்டரில்.

கூட்டத்தோடு ஓட்டிய வேகத்தைத் தன் வேகம் என்று நினைப்பது

சென்னைக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஈ.சி.ஆரில் அக்கரை தாண்டி மாமல்லபுரம் வரை இருபது பேர் கூட்டமாகப் போனால் மணிக்கு 33, 34 கி.மீ. சர்வசாதாரணமாக வரும். பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பில் அதைப் பார்த்துப் பார்த்து நாமே நம்பிவிடுகிறோம். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சம். போட்டியிலோ முன்னால் போகும் சைக்கிளுக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும், அதற்குள் நுழைந்தால் 25 வினாடியில் முந்திவிட வேண்டும், இல்லையென்றால் தண்டனைக் கூடாரத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அதனால் போட்டிக்கு முந்தைய இரண்டு மாதமாவது நீண்ட சவாரிகளைத் தனியாக ஓட்டுங்கள். போரடிக்கும்தான். போட்டியிலும் அப்படித்தான் போரடிக்கும்.

இன்னொன்று, ஈ.சி.ஆர். மேசை மாதிரி தட்டை. கோவா சாலையில் ஏற்ற இறக்கம் உண்டு. மேம்பாலத்தில் பத்து தடவை ஏறி இறங்கினால் பழகிவிடும் என்பார்கள், ஓரளவுக்குத்தான் உண்மை. முடிந்தால் ஏலகிரிக்கு நாலைந்து தடவை போய்விட்டு வாருங்கள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒரே சீரான மூச்சில் ஏறக் கற்றுக்கொண்டால் கோவா மேடு பெரிதாகத் தெரியாது.

தினமும் நடுத்தர வேகத்தில் பிழிந்துகொள்வது

அதிகப் பயிற்சி என்றால் பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். மெதுவாக ஓட வேண்டிய நாளில் கொஞ்சம் வேகமாக, வேகமாக ஓட வேண்டிய நாளில் களைப்பினால் கொஞ்சம் மெதுவாக. கடைசியில் எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிடும். வியர்வை கொட்டும், திருப்தியாக இருக்கும், ஆனால் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நேரம் அதே இடத்தில் நிற்கும். மேலே சொன்ன மார்க் ஆலனே இதயத் துடிப்புக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அதைத் தாண்டாமல் ஓடிப் பழகியவர். ஆரம்பத்தில் அவருக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு மெதுவாக ஓட வேண்டியிருந்தது. போகப் போக அதே துடிப்பில் வேகம் கூடியது.

நமக்கு எளிய சோதனை ஒன்று போதும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் அது மெதுவான ஓட்டம். "ம்", "ஆமா" என்று மட்டும்தான் வருகிறது என்றால் நீங்கள் ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நடைப்பயிற்சி மாமாக்கள் முந்திப் போனாலும் போகட்டும்.

நீச்சல்குளத்து வேகத்தைக் கடலில் தேடுவது

பத்து மாதத்தில் நீச்சல் பயிற்சிக்கு மட்டும் வாரம் மூன்று நாள் செலவழித்தேன். கிடைத்தது மூன்று நிமிடம். வீண் என்று சொல்லவில்லை, தண்ணீரிலிருந்து களைப்பில்லாமல் வெளியே வருவதே பெரிய லாபம். ஆனால் வேகத்தைவிட நேராகப் போவதில்தான் காசு இருக்கிறது. நீச்சல்குளத்தைப் போலக் கடலில் அடியில் கறுப்புக் கோடு கிடையாது. நிமிர்ந்து பார்க்காமல் நீந்தினால் வளைந்து வளைந்து போய், பத்து சதவீதம் கூடுதல் தூரம் ஆவது சாதாரணம். 190 மீட்டர் கூடுதல் என்றால் என் வேகத்துக்கு ஐந்து நிமிடம், பத்து மாதப் பயிற்சி அதிலேயே போச்சு. ஆறு அல்லது எட்டு கைவீச்சுக்கு ஒரு தடவை, முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி மிதவையைப் பார்க்கும் பழக்கத்தைக் குளத்திலேயே தொடங்கலாம். அதற்குச் செலவில்லை.

அப்புறம், முதல் நூறு மீட்டர். யாரோ காலால் உதைத்து, கண்ணாடி பாதி கழன்று, உப்புத் தண்ணீர் வாய்க்குள் போய், மூச்சு வாங்கும். அது நடக்கும் என்று தெரிந்திருந்தும் எனக்கு இரண்டாவது தடவையும் நடந்தது. அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். மல்லாந்து படுத்து நாலு மூச்சு விட்டால் பத்து வினாடிதான் போகும். கடலில் பழக வேண்டும் என்பதற்காக மெரினாவில் தனியாக இறங்கும் வேலை மட்டும் வேண்டாம், அந்த நீரோட்டம் எத்தனை பேரை இழுத்துப் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். துணையும் பாதுகாப்புப் படகும் இருக்கும் இடத்தில் மட்டும்.

வயிற்றுக்குப் பயிற்சி கொடுக்காமல் விடுவது

எனக்கு விழுந்த இரண்டாவது பெரிய அடி இது. வேகமாக ஓட்டினால் ரத்தம் எல்லாம் காலுக்குப் போய்விடும், வயிறு வேலைநிறுத்தம் செய்யும். 50-ஆவது கி.மீ.-இல் ஜெல் (சக்தி தரும் சர்க்கரைக் கூழ்) பாக்கெட்டைக் கையில் எடுத்தாலே குமட்டியது, அதோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். இவ்வளவு நீளமான போட்டியில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். ஒரு நல்ல வாழைப்பழம் அல்லது ஒரு ஜெல்லில் ஏறக்குறைய 25 கிராம். அதாவது சைக்கிளில் மட்டும் ஏழு எட்டு உருப்படிகள். வீட்டில் சாப்பிடுவதற்கே மலைப்பாக இருக்கும் அளவு, அதைக் குனிந்துகொண்டு, வெயிலில், ஓட்டிக்கொண்டே சாப்பிட வேண்டும். ஒவ்வொரு நீண்ட சவாரியிலும் அதே பொருளை, அதே அளவில், அதே இடைவெளியில் சாப்பிட்டுப் பழகாமல் போட்டியில் நடக்காது. கடலை மிட்டாய் எனக்கு உயிர்தான், ஆனால் அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், மெதுவாகத்தான் செரிக்கும். அதை முடித்த பிறகு சாப்பிடுங்கள்.

வியர்வைக் கணக்கையும் போட்டுவிடுங்கள். எடை பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் ஓடுங்கள், துடைத்துக்கொண்டு மறுபடி எடை பாருங்கள். எனக்கு 1.1 கிலோ குறைந்திருந்தது, நடுவில் அரை லிட்டர் குடித்தும். அப்படியென்றால் மணிக்கு 1.6 லிட்டர் வெளியேறுகிறது. அதை முழுவதும் குடித்து ஈடுகட்ட வயிறு இடம் கொடுக்காது, குடிப்பதற்கு ஏற்ற மாதிரி வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். கறுப்பு உடையில் வெள்ளைக் கோடு கோடாக உப்புப் படிகிறதா? வெறும் தண்ணீரை மடமடவென்று குடிக்காதீர்கள், ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்தாகிவிடும். உப்பும் சேர்ந்து போகட்டும். இன்னொன்று, கோவா போனால் மீன் சாப்பிடாமல் வரக்கூடாதுதான், ஆனால் போட்டிக்கு முந்தின ராத்திரி தயிர் சாதம் போதும்.

கடைசி இரண்டு வாரம்

'இன்னும் ஒரே ஒரு நீண்ட ஓட்டம்' என்று கை அரிக்கும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி புதுப் பாடம் எடுக்கிற கதைதான் அது. அந்த இரண்டு வாரத்தில் செய்கிற கடும் பயிற்சியின் பலன் போட்டிக்குள் வந்து சேராது, களைப்பு மட்டும் வந்து சேரும். மொத்த அளவைப் பாதியாகக் குறையுங்கள், ஆனால் வேகமான சின்னச் சின்னத் துண்டுகளை விட்டுவிடாதீர்கள், முழுக்கப் படுத்துவிட்டால் கால் மந்தமாகிவிடும்.

புதுப் பொருட்களும் இந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வரும். என் புதுச் சக்கரத்தின் விளிம்பு உயரமானது, அதற்கு நீளமான வால்வு உள்ள டியூப் வேண்டும். என் பையில் இருந்தது பழைய டியூப். நல்ல வேளை பஞ்சர் ஆகவில்லை, ஆகியிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். விமானத்தில் சைக்கிளைக் கொண்டுபோகிறவர்கள் பின்பக்கக் கியர் மாற்றும் கருவியை (டிரெயிலியர்) சட்டத்தோடு மாட்டும் ஹேங்கரில் உபரியாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் முதலில் வளைவது அதுதான், ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம் என்பதால் போன இடத்தில் கிடைக்காது.

டிரான்சிஷனில் ஆறு நிமிடம் மிச்சம் பிடித்தேன் என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் கடல் பக்கத்து நுழைவாயிலிலிருந்து என் சைக்கிள் வரை வெறுங்காலில் நாலு தடவை நடந்து, எத்தனையாவது வரிசை என்று எண்ணிவைத்தேன். ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம், திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகுதான் வாரைக் கழற்றலாம் என்பது விதி. நான் விதியை அவ்வளவு பக்தியோடு கடைப்பிடித்ததில், ஹெல்மெட்டோடேயே ஓடக் கிளம்பிவிட்டேன். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி "சார், ஹெல்மெட்!" என்று கத்தினான்.

மூன்றாவது தடவைக்குப் பதிவு செய்துவிட்டேன். இந்தத் தடவை சைக்கிள் கம்ப்யூட்டர் திரையில் வேகம் காட்டும் கட்டத்தையே எடுத்துவிட்டேன். இதயத் துடிப்பு மட்டும் தெரியும், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை 'சாப்பிடு' என்று மணி அடிக்கும். போன ஞாயிறு ஈ.சி.ஆரில் அதோடு தனியாக ஓட்டிப் பார்த்தேன், முதல் ஒரு மணி நேரத்தில் என்னை முந்திப் போனவர்களை எண்ணினேன், பதினேழு பேர்.