காமா பீக் இரண்டாகத் தெரிந்தால் முதலில் வேகத்தைப் பாருங்கள்

போன மாதம் ஒரு மாணவி, வேகமாகப் பறக்கும் அணுக்கருக்கள் விடும் காமா கதிர்களின் ஸ்பெக்ட்ரத்தைக் கொண்டுவந்து காட்டினார். 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கீழே ஆற்றல் எல்லாம் இதே அலகில்) இடைவெளியில் இரண்டு பீக், அதாவது ஒரே ஆற்றலில் கதிர்கள் குவியும் மேடு. "புதுசா ரெண்டு ஆற்றல் நிலை இருக்கு சார்" என்றார். நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். இப்படி நடக்கும் தவறுகள் சிலவற்றைக் கீழே தருகிறேன். எனர்ஜி கேலிப்ரேஷன் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

இலக்குக்கு (கதிர்க்கற்றை மோதும் தகடு) முன்னால் இருந்த வேகத்தைப் போடுவது

மெக்னீசியம்-32-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நியூட்ரான் எண் 20, மாய எண், அதாவது கூடு நிரம்பி அணுக்கரு உறுதியாக இருக்கும் எண்ணிக்கை. முதல் கிளர்நிலை உயரத்தில் இருக்க வேண்டும். சிலிக்கான்-34-ல் அப்படித்தான், 3,327. இரண்டு புரோட்டான் குறைந்ததும் அது 885-க்கு இறங்கிவிடுகிறது. ஒளிவேகத்தில் 60 சதவீதத்தில் பறந்துகொண்டே அணுக்கரு விடும் இந்த 885, 30 டிகிரி டிடெக்டரில் 1,474 ஆகவும் 150 டிகிரியில் 466 ஆகவும் பதிவாகும். அணுக்கருவின் வேகத்தையும் கோணத்தையும் வைத்து இந்த மாற்றத்தை நீக்கும் டாப்ளர் திருத்தம், இரண்டையும் 885-க்குக் கொண்டுவர வேண்டும்.

ஆனால் தடிமனான இலக்குக்குள் அணுக்கரு வேகம் இழக்கிறது. கதிர் வந்தது ஒளிவேகத்தில் 0.60 மடங்கில், நீங்கள் போட்டதோ உள்ளே நுழைந்தபோது இருந்த 0.62. 30 டிகிரி முன்வரிசை 870 காட்டும், 150 டிகிரி பின்வரிசை 913 காட்டும். ஜெர்மானியம் டிடெக்டர்களில் இரண்டையும் கூட்டினால் அசல் இரட்டைப் பீக் மாதிரியே நிற்கும். நான் அதற்கு நிலை வரைபடம் வரைந்து, கோட்பாட்டுக்காரர் ஒருவரைக் கணக்கும் போட வைத்தேன். நாலு மாதம் போனது. கடைசியில் ஒரு சீனியர் கேட்டார்: "ரெண்டு வரிசையையும் தனித்தனியாப் போட்டுப் பார்த்தியா?" அரை மணி நேர வேலை அது. அந்தக் கோட்பாட்டுக்காரருடைய நாலு மாதத்தையும் சேர்த்து வீணாக்கியதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சரி, பீக்குகள் ஒன்றாகும்வரை வேகத்தை மாற்றிக்கொண்டே போகலாமா? கூடாது. பிகோ நொடிக்கு 0.18 மில்லிமீட்டர் ஓடுகிறது கரு. நிலையின் ஆயுள் 100 பிகோ நொடி என்றால், இலக்கைத் தாண்டி சராசரியாக 2 சென்டிமீட்டருக்கு மேல் போய்த்தான் சிதையும். கோணமே மாறிவிடும், பீக்குக்குக் குறைந்த ஆற்றல் பக்கம் வால் முளைக்கும். வேகத்தை இழுத்துப் பிடித்து அந்த வாலை மறைத்தால் ஆற்றலும் தப்பு, ஆயுளும் தொலைந்தது. ஆயுளையும் சேர்த்து சிமுலேஷன் செய்யுங்கள்.

திருத்தத்துக்கு முன்பே 1,461-ல் கூர்மையான பீக்

சுவரில் உள்ள பொட்டாசியம்-40 விடும் கதிர் அது, உங்கள் கரு இல்லை.

2+ (முதல் கிளர்நிலை) உயரமாக இருந்தாலே மாய எண் என்பது

கால்சியம்-54-ல் 2,043 என்று 2013-இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் அளந்தார்கள். நியூட்ரான் எண் 34-க்கு அது வலுவான சாட்சி. நிக்கல்-68-லும் கிட்டத்தட்ட அதே அளவு, 2,033. ஆனால் நிறை அளவீடுகளில், அதன் நியூட்ரான் எண்ணான 40-ல், ஆற்றல் கூடுகளுக்கிடையே பெரிய இடைவெளி தெரியவில்லை. நிறையையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஐந்தாறு எண்ணிக்கையை வைத்து, இரண்டு காமா கதிர்கள் ஒன்றாக வந்தன (ஒத்திசைவு) என்பது

வேண்டாம்.