தாயிடமிருந்து குழந்தைக்குத் தட்டம்மைப் பாதுகாப்பு: எப்போது, எப்படி ஏற்பாடு செய்வது

சிங்கப்பூரில் குழந்தைக்கு முதல் தட்டம்மைத் தடுப்பூசி வழக்கமாக 12 மாதம் நிறைந்த பிறகே போடப்படுகிறது. அதுவரை பிள்ளையிடம் இருக்கும் பாதுகாப்பு, வயிற்றில் இருந்தபோது தாயின் இரத்தத்திலிருந்து பெற்றுக்கொண்ட எதிர்ப்பொருள்கள், அதாவது கிருமியை எதிர்க்கும் புரதங்கள், மட்டுமே. அவை எவ்வளவு கிடைக்கும் என்பது பெரும்பாலும் கருத்தரிக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது என்பதால், பிள்ளைப்பேற்றைத் திட்டமிடும் தம்பதியர் இதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். கர்ப்பம் உறுதியான பிறகு கேள்விப்பட்டு வருந்துவதில் பயனில்லை; அப்போது தாய்க்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட முடியாது.

தாய்க்கு முன்பு தட்டம்மை வந்திருந்தாலோ, தடுப்பூசி போடப்பட்டிருந்தாலோ, அவரது இரத்தத்தில் ஐஜிஜி (IgG) எனப்படும் வகை எதிர்ப்பொருள்கள் இருக்கும். நச்சுக்கொடி இவ்வகையை மட்டும் தேர்ந்தெடுத்துக் குழந்தையின் பக்கம் கடத்துகிறது. கர்ப்பத்தின் நான்காம் மாதவாக்கில் சிறிதளவில் தொடங்கும் இந்தக் கடத்தல், கடைசி சில வாரங்களில்தான் வேகம் பிடிக்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் தாயின் அளவுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ எதிர்ப்பொருள்கள் இருப்பதும், குறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் அவை குறைவாக இருப்பதும் இதனால்தான். பிறந்த பிறகு குழந்தைக்குப் புதிதாக எதுவும் சேர்வதில்லை. இருப்பதும் ஏறத்தாழ மாதத்துக்குப் பாதியாகக் கரைந்துகொண்டே போகிறது. தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருள்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. வயிற்றுப்போக்கு முதலியவற்றிலிருந்து அவை குழந்தையைக் காக்கின்றன. ஆனால் பால் கொடுத்துக்கொண்டிருப்பதால் தட்டம்மை அண்டாது என்று நம்பியிருக்கக் கூடாது.

நோய் வந்து தேறிய தாயிடம் எதிர்ப்பொருள்கள் மிகுதியாகவும், தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்ட தாயிடம் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். பெல்ஜியத்தில் நடத்தப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசி போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் இந்தப் பாதுகாப்பு சராசரியாக ஏறத்தாழ 1 மாதத்திலும், நோய் கண்டிருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஏறத்தாழ 4 மாதத்திலும் தீர்ந்துபோனது. 6 மாதம் ஆனபோது இரு தரப்பிலும் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் அதை இழந்திருந்தன. ஓராண்டு முழுவதும் தாயின் பாதுகாப்பு நிற்கும் என்ற பழைய நம்பிக்கை, தடுப்பூசித் தலைமுறைத் தாய்மாருக்குப் பொருந்தாது. அதற்காக நோயை வரவழைத்துக்கொள்வது மேல் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்: தட்டம்மை நிமோனியாவையும் மூளை அழற்சியையும் உண்டாக்கக்கூடியது, கர்ப்பிணிக்கு வந்தால் கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் வழிவகுக்கக்கூடியது.

ஆகவே முதல் வேலை, உங்கள் சொந்தத் தடுப்பூசிப் பதிவைத் தேடி எடுப்பது. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஹெல்த்ஹப் (HealthHub) என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியிலும், அம்மா பத்திரப்படுத்தி வைத்திருக்கும் சுகாதாரப் புத்தகத்திலும் பார்க்கலாம். சிங்கப்பூரில் தட்டம்மைத் தடுப்பூசி 1985 முதல் சட்டப்படி கட்டாயம் என்றாலும், இரண்டாவது தவணை பின்னாளில்தான் சேர்க்கப்பட்டது. திருமணமாகித் தமிழகத்திலிருந்து இங்கு வந்த பெண்கள் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருவர் காட்டிய, ஓரம் நைந்த அட்டையில் தட்டம்மைக்கு எதிரே ஒரே ஒரு தேதிதான் இருந்தது. அது ஒன்பதாம் மாதத்தில் போட்டது. இரண்டாம் தவணையைக் குறிக்க அட்டையில் கட்டமே இல்லை, ஏனென்றால் அவர் குழந்தையாக இருந்த காலத்தில் இந்தியாவின் அரசுத் திட்டத்தில் இரண்டாம் தவணை இடம்பெறவில்லை. ஒன்பதாம் மாதத்தில் போடும் ஒற்றைத் தவணை ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கே பலன் தருகிறது. ஓராண்டு நிறைந்த பின் போடும் இரண்டு தவணைகள் 97 விழுக்காட்டினரைக் காக்கின்றன. "சின்ன வயதில் அம்மை போட்டது" என்று வீட்டில் சொல்வதையும் சான்றாகக் கொள்ள முடியாது, அது சின்னம்மையாகவும் இருந்திருக்கலாம்.

பதிவு கிடைக்கவில்லை என்றால் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ தட்டம்மை ஐஜிஜி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம், அல்லது பரிசோதனை இல்லாமலே எம்எம்ஆர் (MMR) தடுப்பூசியை, அதாவது தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியை, போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உள்ளவருக்கு இன்னொரு தவணை போடுவதால் தீங்கில்லை. ரூபெல்லாவுக்கு எதிர்ப்பாற்றல் இருப்பதாக வந்த முடிவைத் தட்டம்மைக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு தவணைகளுக்கு இடையே குறைந்தது 4 வாரங்களும், இரண்டாம் தவணைக்குப் பின் கருத்தரிப்பதற்கு முன் ஒரு மாதமும் தேவை. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசி இது என்பதால் கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை. கர்ப்ப காலத்தில் எதிர்ப்பாற்றல் இல்லை என்று தெரிந்தால், பிரசவத்துக்குப் பிறகு மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள முடியுமா என்று மகப்பேற்று மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். பாலூட்டும் தாய்க்கு இதில் தடையில்லை. பிரசவத்தின்போது இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும், தடுப்பூசியைத் தள்ளிப்போட நேரலாம்.

தாயின் பாதுகாப்பு தீர்ந்த நாளுக்கும் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கும் இடைப்பட்ட மாதங்களே ஆபத்தானவை. நோயாளி அறையை விட்டுச் சென்ற பின்னும் 2 மணி நேரம்வரை காற்றில் நிற்கக்கூடிய கிருமி இது. தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்தே தொற்றத் தொடங்கிவிடுகிறது. எனவே வீட்டிலுள்ள அப்பா, அண்ணன், அக்கா, பணிப்பெண் ஆகியோரின் பதிவுகளையும் சரிபார்க்க வேண்டும். நம் குடும்பங்களில் பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் ஊருக்குப் போய் குலதெய்வக் கோவிலில் முடியிறக்கிக் காது குத்துவது வழக்கம். அந்தப் பயணத்தைத் தடுப்பூசிக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால், 6 மாதம் நிறைந்த குழந்தைக்கு முன்கூட்டியே ஒரு தவணை போடுவதைப் பற்றி, புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னதாக மருத்துவரிடம் பேசுங்கள். அது கூடுதல் தவணைதான். தாயின் மீந்த எதிர்ப்பொருள்கள் தடுப்பூசிக் கிருமியை வேலை செய்யவிடாமல் மடக்கிவிடக்கூடும் என்பதாலும், குழந்தையின் எதிர்ப்பாற்றல் இன்னும் முதிராததாலும், 12 மாதத்திலும் அதற்குப் பிறகும் போட வேண்டிய வழக்கமான இரண்டு தவணைகளும் அப்படியே தேவை.

குழந்தை தட்டம்மை நோயாளி ஒருவரின் அருகில் இருந்தது தெரியவந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். 6 மாதம் கடந்த குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் எம்எம்ஆர் போட்டும், அதைவிடச் சிறிய குழந்தைக்கு 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (பிறரின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் மருந்து) கொடுத்தும் நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ முடியும். எதிர்ப்பாற்றல் இல்லாத கர்ப்பிணிக்கும் இம்யூனோகுளோபுலின் உண்டு. மருந்தகத்துக்கு நேரே போய் மற்றக் குழந்தைகளோடு உட்காராமல், முதலில் தொலைபேசியில் விவரம் சொல்லுங்கள். வேப்பிலை வைத்து வழிபடுவது உங்கள் விருப்பம், அதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

11ஆம் மாதத்திலேயே 12ஆம் மாதத் தடுப்பூசிக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். இரண்டாவது தவணை 15 முதல் 18 மாதத்துக்குள் வரும். சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகங்களிலும் சாஸ் (CHAS) எனப்படும் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகங்களிலும் இதற்கு முழு மானியம் உண்டு. ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் தோன்றக்கூடும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். பிள்ளையின் எடைக்கு ஏற்ற பாரசிட்டமால் அளவை ஊசி போடும் அன்றே தாதியிடம் கேட்டு, சுகாதாரப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.