ரீஃப் டேங்கில் டெராசா கிளாம்: பெங்களூரு வீட்டுக்கு ஒரு செய்முறை

ரீஃப் டேங்க் என்பது பவளப் பாறைச் சூழல் போல அமைத்த கடல்நீர்த் தொட்டி. கிளாம் அதில் வைக்கும் இரட்டை ஓட்டுச் சிப்பி. கிளாம் வீட்டுக்கு வந்த பிறகு அதற்கென்று செய்ய வேண்டிய வேலை ரொம்பக் குறைவு. வேலையெல்லாம் அது வருவதற்கு முன்னால்தான். அதனால் இங்கே பாதிக்கு மேல் காகிதம், தண்ணீர், விளக்கு பற்றித்தான் இருக்கும். கிளாம் பின்னால்தான் வரும்.

ரீஃப் டேங்கில் வைப்பது ட்ரைடாக்னா இனத்து ராட்சத கிளாம்கள். ஓட்டுக்கு வெளியே விரிந்து தெரியும் வண்ணச் சதைக்கு மேன்டில் என்று பெயர். அதற்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை விளக்கொளியில் தயாரிக்கும் சர்க்கரைதான் கிளாமின் முக்கியச் சாப்பாடு. தண்ணீரில் கரைந்திருக்கும் அமோனியா, நைட்ரேட்டையும் கிளாம் உறிஞ்சிக்கொள்ளும். ஓட்டை வளர்க்கக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். ஒளி, கொஞ்சம் நைட்ரஜன், மாறாத தண்ணீர்: இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சில வாரங்களில் மேன்டிலில் தெரிந்துவிடும்.

1. எந்த கிளாம், என்ன காகிதம்

இதைப் படிக்காமல் கடைக்குப் போக வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் மாக்சிமா, ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் ஆகிய மூன்று கிளாம்களும் இருக்கின்றன. வாங்குவது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். "எல்லாரும் வச்சிருக்காங்க சார்" என்று கடைக்காரர் சொன்னாலும் சட்டம் மாறாது.

தொடக்கக்காரர்களுக்கு டெராசா என்ற வகைதான் ஏற்றது. மற்ற கிளாம்களை விடக் குறைந்த ஒளியில் தாக்குப்பிடிக்கும், மணலிலேயே உட்கார்ந்துகொள்ளும். பலாவு போன்ற பசிபிக் தீவுகளில் இதைப் பண்ணையில் வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால் ராட்சத கிளாம்கள் மொத்தமும் சைட்டஸ் (அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பவை. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சைட்டஸ் உயிரினங்கள் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வந்துவிட்டன. உயிருள்ளதை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2024-ல் வந்தன. ஆகவே பில்லோடு இறக்குமதி அனுமதி, சைட்டஸ் சான்று நகல் இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் பணம். தர முடியாது என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

தொட்டியில் வைக்கும் பாறைக்கும் இதே கதைதான். நம் கடலிலிருந்து எடுத்த பவளப் பாறை வேண்டவே வேண்டாம். செயற்கை உலர் பாறை போதும்.

2. தொட்டிக்கு எவ்வளவு வயது

குறைந்தது 200 லிட்டர் தொட்டி, கூடவே ஒரு சம்ப் (கீழே வைக்கும் துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி). டெராசா கடலில் அரை மீட்டருக்கு மேல் வளரும். வீட்டில் அவ்வளவு போகாவிட்டாலும் நல்ல தொட்டியில் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் கூடும்.

தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். எட்டு, பத்து மாதம் பொறுத்தால் இன்னும் நல்லது. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்பது முதல் மாதத்திலேயே வந்துவிடும், அதை வைத்து ஏமாற வேண்டாம். பாறையில் இளஞ்சிவப்புப் பாசிப் படலம் தானாகப் பரவ ஆரம்பித்திருக்கிறதா, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆல்கலினிட்டி (தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவு) குறைகிறது என்பது வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக வருகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் தொட்டி தயார்.

3. தண்ணீர்

பெங்களூரில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு காவேரித் தண்ணீர், அடுத்த வீட்டுக்கு போர்வெல், அதற்கடுத்ததற்கு டேங்கர். மூன்றும் தொட்டிக்கு அப்படியே ஆகாது. ஆர்.ஓ.வுக்குப் பின்னால் டி.ஐ. ரெசின் (மிச்சமிருக்கும் உப்புகளை நீக்கும் பொருள்) சேர்ந்த, மீன் தொட்டிக்கான தனி யூனிட் வேண்டும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) மீட்டரில் 0 காட்ட வேண்டும். 5 காட்டினால் ரெசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

"கிச்சன்ல ஆர்.ஓ. இருக்கே" என்பதுதான் இங்கே பலர் விழும் பள்ளம். குடிநீர் யூனிட்டில் சுவைக்காகத் தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கும், அல்லது கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் வால்வு இருக்கும். அதைவிட மோசம், இப்போது எல்லா வீட்டிலும் நுழைந்துவிட்ட 'காப்பர்' மாடல்கள். உடம்புக்கு நல்லது என்று அது சேர்க்கும் செம்பு, கிளாமுக்கும் இறாலுக்கும் விஷம். செம்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீருக்கும் தொட்டிப் பக்கம் வேலையில்லை. மீன் நோய்க்குச் செம்பு மருந்து போட்ட பழைய தொட்டி, பாறை, மணல் கிடைத்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

போர்வெல் டி.டி.எஸ். 800 என்று வைத்துக்கொள்வோம். மெம்பரேன் 95% தடுத்தாலும் 40 மிச்சம். அந்த 40-ஐ ரெசின்தான் சுமக்க வேண்டும், அதனால் சீக்கிரம் தீர்ந்துபோகும். காவேரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைப்பது சிக்கனம். கருங்கல் பூமி என்பதால் போர்வெல் தண்ணீரில் சிலிக்காவும் வரும். மணலில் பழுப்புத் தூசி போலத் திரும்பத் திரும்பப் படிந்தால் முதலில் ரெசினைச் சந்தேகப்படுங்கள். அபார்ட்மென்ட் சாஃப்டனர் இதற்கு மாற்று அல்ல. அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடும், டி.டி.எஸ். இறங்காது. ஆர்.ஓ. தள்ளிவிடும் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்தால் வீடு துடைக்க ஆகும்.

உப்பு லிட்டருக்குச் சுமார் 36 முதல் 38 கிராம். வேவ் மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) போட்டு ஒரு இரவு கலக்கவிட்டு, 35 பி.பி.டி. (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) வருகிறதா என்று ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பை அளக்கும் கருவி) பாருங்கள். கருவியை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் மட்டும் சரிபார்த்தால் போதாது. 35 பி.பி.டி. அளவுத் திரவம் தனியாகக் கிடைக்கும், அதில் சரிபாருங்கள்.

பிடித்து நிறுத்த வேண்டிய அளவுகள்: ஆல்கலினிட்டி 8 முதல் 9 டி.கே.ஹெச். (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு), கால்சியம் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) பக்கம், மக்னீசியம் 1300 பக்கம், நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. நைட்ரேட் பூஜ்யம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. கிளாமுக்குள் இருக்கும் பாசி பட்டினி கிடந்து நிறம் வெளுக்கும்.

ஆல்கலினிட்டி குறைந்தால் ஆப்ப சோடாவே போதும். 100 லிட்டரில் 1 டி.கே.ஹெச். ஏற்ற 3 கிராம். ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் முழுக்கக் கரைத்து, ஓட்டம் அதிகமுள்ள இடத்தில் மெதுவாக விட வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கால்சியத்துக்கு டைஹைட்ரேட் வகை கால்சியம் குளோரைடு, 100 லிட்டரில் 10 பி.பி.எம். ஏற்ற 3.7 கிராம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து வீணாகும். அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒரே நாளில் 1 டி.கே.ஹெச்.-க்கு மேல் ஏற்றவே கூடாது. 8-ல் நிலையாக நிற்கும் தொட்டி, 7-க்கும் 10-க்கும் ஊசலாடும் தொட்டியை விட எவ்வளவோ மேல்.

வெப்பம் 25, 26 டிகிரி. பெங்களூரு குளிர்ச்சியான ஊர் என்று ஹீட்டர் வாங்காமல் விடுபவர்கள் உண்டு. டிசம்பர், ஜனவரி இரவில் வெளியே 15 டிகிரிக்கு இறங்கும்போது தெரியும். லிட்டருக்கு 1 வாட் கணக்கில் தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் போடுங்கள். ஏப்ரலில் தண்ணீர் பரப்பின் மேல் ஒரு ஃபேன் அடித்தால் 2, 3 டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகி உப்பு ஏறும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரைத் தினமும் ஈடுகட்டுங்கள்.

4. விளக்கு

மணல் மட்டத்தில் பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி) அளவு 200 பக்கம் இருந்தால் டெராசாவுக்குப் போதும். செல்போன் ஆப் காட்டும் எண்ணை நம்ப முடியாது. பார் மீட்டர் விலை அதிகம், வாங்கத் தேவையில்லை. ரீஃப் டேங்க் வைத்திருப்பவர் யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கி, கிளாம் உட்காரப்போகும் இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு 8 முதல் 10 மணி நேரம். கிளாம் வரும் நாளில் எல்.இ.டி.யைப் பாதிக்கு இறக்கி, மூன்று நாளைக்கு ஒருமுறை 5% ஏற்றிக்கொண்டு போங்கள்.

5. கடையில் பார்க்க வேண்டியவை

7, 8 சென்டிமீட்டருக்குக் குறைந்த குட்டி வேண்டாம். விலை மலிவுதான், ஆனால் சேமிப்பு இல்லாத உடம்பு. வந்து இரண்டு வாரமாவது ஆன கிளாமாகக் கேளுங்கள்.

தொட்டிக்கு மேல் கையை மெதுவாக நீட்டி நிழல் விழச் செய்யுங்கள். மேன்டில் ஓரத்தில் நுண்ணிய கண்கள் வரிசையாக உண்டு. நல்ல கிளாம் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு சற்று நேரத்தில் திரும்ப விரியும். அசையாமல் கிடந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீர் உள்ளே போகும் நீண்ட பிளவு அகலமாகத் திறந்து, உள்ளிருக்கும் செவுள் தெரிந்தால் அது தளர்ந்த கிளாம். ஓட்டின் மேல் விளிம்பில் புது வெள்ளைக் கோடு இருந்தால் ஓடு வளர்கிறது என்று பொருள்.

கடைசியாக அடிப்பக்கம். கிளாம் தன்னைப் பிடித்துவைக்கும் நார்கள் வெளிவரும் துளை அங்கேதான் இருக்கிறது. அங்கே சதை கிழிந்திருந்தால், மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் பிழைப்பது சந்தேகம்.

6. தொட்டியில் இறக்குவது

பையை 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு பக்கெட்டில் வைத்து, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு வினாடிக்கு 2, 3 சொட்டு வீதம் தொட்டித் தண்ணீரை 45 நிமிடம் விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

அடுத்தது பலர் தவிர்க்கும் வேலை. வேறொரு பக்கெட்டில் தொட்டித் தண்ணீர் எடுத்து, கிளாமை அதில் பிடித்தபடி புது டூத் பிரஷ்ஷால் ஓட்டின் மடிப்புகளையும் அடித் துளையைச் சுற்றியும் தேயுங்கள். சதையைத் தொட வேண்டாம். டார்ச் அடித்துப் பார்த்தால் அரிசிக் குருணை போல வெள்ளையாகச் சில ஒட்டியிருக்கலாம். அவை பிரமிடெல்லிட் நத்தைகள், கிளாமின் உடல் திரவத்தை உறிஞ்சி வாழ்பவை. கண்ணாடி மாதிரி பசையாக ஒட்டியிருப்பது அவற்றின் முட்டை, அதையும் சுரண்டி எடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, விளக்கணைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இன்னொரு தடவை டார்ச்சோடு பாருங்கள். பகலில் ஒளிந்திருப்பவை இரவில் ஓட்டின் விளிம்புக்கு ஏறும்.

தொட்டிக்குள் இறக்கும்போது தண்ணீருக்கடியில் இப்படியும் அப்படியும் மெதுவாகச் சாய்த்து, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழியை வெளியேற்றுங்கள். மணலில் ஒரு சின்னத் தட்டைக் கல் புதைத்து அதன் மேல் நிறுத்துங்கள், மேன்டில் விளக்கைப் பார்க்க வேண்டும். கல் இருந்தால் நார் பிடிக்கும், மணலிலிருந்து பூச்சிகள் அடிப்பக்கம் ஏறுவதும் குறையும். தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டால் பிடுங்கவே பிடுங்காதீர்கள், பிடுங்கினால் நாரோடு உள்சதையும் வரும். பாறைப் பக்கமாக நாரைப் புது பிளேடால் அறுத்து எடுங்கள்.

வேவ் மேக்கர் நேராக அதன் மேல் அடிக்கக் கூடாது. மேன்டில் விளிம்பு லேசாக ஆடலாம், மடங்கக் கூடாது.

7. கூட யார் இருக்கலாம்

பட்டாம்பூச்சி மீன், குள்ள ஏஞ்சல், ட்ரிகர், பஃபர் எல்லாம் மேன்டிலைக் கொத்தும். ஒரு நாள் சும்மா இருந்த ஏஞ்சல் அடுத்த வாரம் ருசி கண்டுவிடும். கொட்டும் அனிமோன் பக்கத்தில் வேண்டாம். சிக்ஸ்லைன் ராஸ் என்ற சின்ன மீன் நல்ல துணை, அந்தக் குருணை நத்தைகளைப் பொறுக்கித் தின்னும். மீன்களுக்கு ஒழுங்காகச் சாப்பாடு போனால் இந்த அளவு கிளாமுக்குத் தனித் தீனி தேவையில்லை.

கரண்ட் போனால் விளக்கை விடுங்கள். ஒரு வேவ் மேக்கரை மட்டும் இன்வெர்ட்டரில் இணைத்தால் போதும். ஓட்டம் நின்றால் முதலில் தீர்வது ஆக்சிஜன்.

8. கோளாறு வந்தால்

வாய் பிளந்து கிடந்தால் உப்பு, வெப்பம், ஆல்கலினிட்டி மூன்றையும் அப்போதே அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஒன்று இடறியிருக்கும். மேன்டிலின் நடுவில் வெளுப்பு வந்தால் வெப்பம் ஏறியிருக்கலாம், விளக்கு திடீரெனக் கூடியிருக்கலாம், நைட்ரேட் இல்லாமலும் போயிருக்கலாம். பகலில் திரும்பத் திரும்ப மூடிக்கொண்டால் ஏதோ மீன் கொத்துகிறது, அரை மணி நேரம் தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள்.

மேன்டில் விளிம்பு அங்கங்கே கிள்ளிவிட்டது போலச் சுருங்கி, சரியாக விரியாமல் இருந்தால் அது தொற்று. மற்ற கிளாம்களுக்கும் பரவும். தொட்டியின் அதே வெப்பம், அதே பி.ஹெச். உள்ள ஆர்.ஓ.டி.ஐ. நன்னீரில் 25 நிமிடம் வைத்து எடுப்பது வழக்கமான சிகிச்சை. பி.ஹெச்.-ஐ ஆப்ப சோடாவால் சரிசெய்யலாம். முற்றிய பிறகு செய்து பயனில்லை.

தொட்டி திடீரெனப் பால் மாதிரி கலங்கினால் கிளாம் முட்டையும் விந்தும் விட்டிருக்கலாம். அபூர்வம்தான். கிளாமைத் தனி பக்கெட்டுக்கு மாற்றி, ஸ்கிம்மரை முழு வேகத்தில் விட்டு, கார்பன் (தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரி) போட்டு, 20% தண்ணீரை மாற்றுங்கள்.

நிழலுக்கும் தொடுதலுக்கும் அசையாமல், சதை தொங்கி, நாற்றம் வந்தால் அது செத்துவிட்டது. காலை வரை காத்திருக்காமல் அப்போதே வெளியே எடுங்கள். இந்த அளவுச் சதை ஒரே இரவில் அழுகி மொத்தத் தொட்டியின் அமோனியாவையும் ஏற்றிவிடும். 20% தண்ணீரை மாற்றி, அடுத்த மூன்று நாள் அமோனியாவை அளந்துகொண்டே இருங்கள்.